மீட்டர்ப் பெட்டிக்கு முன்னால்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
பெருமாள்புரம் நாலாம் தெருவுக்குள் வருவேன்.
நாய்களுக்கு என் ஸ்கூட்டியின் சத்தம் தெரியும்.
ஆட்களுக்கு நான் வெறும் மீட்டர்.
"மீட்டர் வந்திருக்கு, கேட்டைத் திற."
வேலுத்தாய் என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை.

நானும் வீடுகளைப் பெயரால் அறியேன்.
பவழமல்லி வீட்டில் அறுநூறு யூனிட் ஓடும்.
அரளி வீட்டுப் பெட்டிக்குள் குளவிக்கூடு.
பதினொன்றாம் நம்பர்
பாட்டில் பிரஷ்.

நட்டபோது முழங்கால் உயரக் குச்சி.
தென்காசி ரோட்டு நர்சரியில் தொண்ணூறு ரூபாய்.
"ஆஸ்திரேலியாச் செடியாம், தண்ணியே கேக்காதாம்"
என்றார் செண்பகராமன்.
"நம்ம போர்த் தண்ணியக் குடிச்சுட்டுச் சொல்லட்டும்"
என்றாள் ஆவுடைச்செல்வி.
எட்டடி வளரும் என்று நர்சரிக்காரன் சொல்லவில்லை.
பெட்டிக்கு நேர் முன்னால் நடுகிறீர்கள் என்று
நானும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் இலை வெளிறிக் கிடந்தது,
நரம்பு மட்டும் பச்சை.
நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கி
சிட்டிகை சிட்டிகையாய்க் கரைத்து ஊற்றினார்.
அரை டிராயரும் வாளியுமாக
அவரை அப்படித்தான் ஞாபகம்.

மூன்றாம் வருஷம் அக்னி நட்சத்திரத்தில்,
தெருவில் தார் இளகி
செருப்பைப் பிடித்து இழுத்த நாளில்,
பூத்தது.
சோடாக் கம்பெனியில் பாட்டில் கழுவும் பிரஷ்ஷை
குங்குமத்தில் முக்கித் தொங்கவிட்டாற்போல,
கிளைக்கு ஒன்று.

"தலைக்கும் ஆகாது, சாமிக்கும் ஆகாது,
வாசனையும் கெடையாது.
சவத்தை எதுக்கு வச்சிருக்காவ?"
என்றாள் எதிர்வீட்டு முப்பிடாதி.
தேன்சிட்டு அந்நேரம்
தலைகீழாய்த் தொங்கிக்கொண்டிருந்தது.
அதற்கு இதெல்லாம் காதில் விழவில்லை.

மீட்டரை அணுக இயலவில்லை
என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.
தோளைக் கொடுத்துத்தான் நுழைவேன்.
நானூற்றுப் பன்னிரண்டு. நானூற்று முப்பது.
வெளியே வரும்போது ஜாக்கெட்டெல்லாம்
சிவப்பு இழை, மஞ்சள் பொடி.

பிறகு ஒரு முறை
ஐம்பத்தெட்டு.

மீட்டர் கெட்டுவிட்டதோ என்று
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன்.
கெடவில்லை.
ஏ.சி. நின்றிருக்கிறது.
இரண்டு ஃபேன் ஒரு ஃபேன் ஆகியிருக்கிறது.
வென்னீர் ஒருவருக்கு மட்டும்.
அரை டிராயர் கொடியில் இல்லை.
நான் கேட்கவில்லை.

"நூறுக்குள்ளதான். கட்ட வேண்டியது இல்ல" என்றேன்.
"ஒண்ணுமே இல்லியா?" என்றாள்.
எத்தனையோ வீட்டில் சொல்லி
சந்தோஷம் பார்த்த வார்த்தை அது.

உள்ளே போய் அரிவாளோடு வந்தாள்.
"மறைக்குதுல்லா? வெட்டிரட்டா?"

அடியில் போட்டால் பழைய கட்டை துளிர்க்காது.
பூ உதிர்ந்த இடத்துக்குச் சற்றுக் கீழே,
அவ்வளவுதான்.
அரிவாளை வாங்கி வைத்துவிட்டுக் கத்தரிக்கோல் கேட்டேன்.
நான் வளைத்துப் பிடிக்க, அவள் வெட்டினாள்.

ஒரு கிளையில் கை நின்றது.
தண்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில்
கொட்டைக் கொட்டையாய் விதைக்கூடு, ஒரு சாண்.
அப்புறம் இலை.
மறுபடி விதைக்கூடு. மறுபடி இலை.
பூவின் உச்சியைத் துளைத்துக்கொண்டு
கிளை பாட்டுக்கு மேலே போயிருக்கிறது.

"இது அவுக இருக்கும்போது பூத்தது" என்றாள்.
விரலை நகர்த்தி, "இதும்."
இன்னும் நகர்த்தி
ஒன்றும் சொல்லவில்லை.
அதற்கு மேலும் நாலு விரற்கடை
இளம் இலை இருந்தது, செம்பு நிறத்தில்.
"இத விட்டிரட்டா?"
விடச் சொன்னேன்.
அந்தக் கிளை இன்னும் பெட்டியில்தான் உரசுகிறது.

அறுபத்தொன்று.
ஐம்பத்தைந்து.
ஐப்பசியில் போனபோது நூற்றாறு.
உள்ளே ஏதோ ஓடும் சத்தம்,
தையல் மெஷினோ கிரைண்டரோ.
"ஆறு யூனிட்டுக்குக் காசு கட்டணும்" என்றேன்.

"கட்டிருதேன் வேலுத்தாயி" என்றாள்.